எதிர்ப்பக்கத்தில் மாக்கிறட்

ஐரோப்பாவில் யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய விளையாட்டுக் கருவிகள் அவை. ஒரு பெரிய கடதாசிப் பெட்டிக்குள் கொட்டிக் கட்டி, மேலே ‘அன்பளிப்பு’ என்று ஒட்டி, கொழும்பு வழியாக மன்னாருக்கு அனுப்பியிருந்தார்கள். ஷப்னா கடையில் வைத்து அதைத் திறந்தபோது முதலில் வந்தது வாடைதான். பழைய வியர்வை, ஊறிப்போன பற்றரி, எலி மூத்திரம். உள்ளங்கைக்குள் அடங்கும் சாம்பல் நிறக் கருவிகளின் பொத்தான் ஓரங்களில் ஊர்பேர் தெரியாத பிள்ளைகளின் விரல் அழுக்கு கறுத்துப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல் சுருண்டு வந்தது. ஒன்றின் முதுகில் மென்று துப்பிய சுவிங்கம். இன்னொன்றின் பற்றரிக் குழிக்குள் அமிலம் பொங்கிப் பச்சையாகக் காய்ந்திருந்தது, அதற்குள் கரப்பான் முட்டைகள். அவள் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பழைய பற்தூரிகையை ஸ்பிரிட்டில் தோய்த்துத் தேய்க்கத் தொடங்கினாள். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாப்பாவின் மணிக்கூட்டுக் கடையில் பாதியை வாங்கிக்கொண்டு போன் திருத்துகிறவள் ஷப்னா. இந்தக் கருவிகளோடு அவளுக்குச் சகவாசம் ஏற்பட்டது சிநேகிதி ஜெசிக்காவால். இருவரிடமும் இப்படி ஒவ்வொன்று இருந்தது. இரண்டையும் ஒரு முழ வயரால் இணைத்தால் இரண்டு பேர் எதிரெதிரே விளையாடலாம். ஜெசிக்கா கலியாணம் கட்டி நீர்கொழும்புக்குப் போனபின் வயர் எட்டவில்லை. ஷப்னா அந்த வயரை நடுவில் வெட்டினாள். வெட்டிய முனையை ஒரு சின்னப் பலகையில் பற்றவைத்து, பலகையைப் பழைய போன் ஒன்றோடு பொருத்தி, இணையத்தின் வழியாக நீர்கொழும்பு வரை நீட்டினாள்.

அதில் ஒரு தந்திரம் இருந்தது. இந்தக் கருவிகள் ஒரு முழ வயரை நம்பிச் செய்யப்பட்டவை. ஒன்று கேட்டால் மற்றது கண் இமைப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் சுணங்கினால் எதிரில் ஆளில்லை என்று முடிவுகட்டி நின்றுவிடும். இணையத்திலோ பதில் கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கித்தான் வரும். ஆகவே நடுவிலிருக்கும் பலகை, உண்மையான பதில் வருமுன்னமே ‘ஓம், ஓம், இருக்கிறன்’ என்று கருவிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். பிறகு உண்மை வந்ததும் சேர்ப்பித்துவிடும். ஷப்னா இதை ஒரு காணொளியாக எடுத்து இணையத்தில் போட்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் சாஹுல் ஹமீட் கடைக்கு வந்தார்.

சாஹுல் ஹமீட் ஒரு தொண்டு நிறுவனத்தின் மாவட்ட இணைப்பாளர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, எல்லாரையும் தங்கச்சி, தம்பி என்று தொட்டுத் தொட்டுப் பேசும் வழக்கம். முசலிக் கரையில் முஸ்லிம் பெண்கள், வடக்குக் கரையில் கத்தோலிக்கப் பெண்கள், இருபுறமும் வீட்டுக்கு ஒரு கருவி, பின்னேரங்களில் சேர்ந்து விளையாட்டு. திட்டத்தின் பெயர் ‘உறவுத் திரை’. மனக்காயம் ஆறும், சமூகங்கள் நெருங்கும் என்று அவர் பார்த்துப் படிப்பதுபோலச் சொன்னார். ஷப்னாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வேலை பிடித்திருந்தது. இந்தத் திட்டத்துக்காக வந்ததுதான் அந்த அன்பளிப்புப் பெட்டி.

எதிர்பார்த்தபடியே பெரும்பாலான கருவிகள் வீட்டுப் பையன்கள் கைக்குப் போயின, அல்லது அலுமாரிக்குள் போயின. பாப்பாமோட்டையில் ஒருத்தி வயரை வெட்டி வேலிப் படலையை இழுத்துக் கட்டியிருந்தாள். ஒரேயொரு சோடி மட்டும் நாள் தவறாமல் விளையாடியது. இந்தப் பக்கம் கொண்டச்சியில் ஹமீதா. அந்தப் பக்கம் விடத்தல்தீவில் மாக்கிறட்.

விளையாட்டு மிக எளிது. மேலிருந்து கட்டைகள் விழும். ஒரு வரிசை நிறைய அடுக்கினால் அது கரையும், கரைந்தது எதிராளியின் தலையில் பாரமாக ஏறும். எதிராளியின் முகம் தெரியாது, குரல் கேட்காது. அவளுடைய குவியல் எவ்வளவு உயரம் என்பது மட்டும் திரையின் ஓரத்தில் ஒரு கோடாக ஏறி இறங்கும். ஒருத்தி நிறுத்தற் பொத்தானை அழுத்தினால் இருவருக்கும் நிற்கும்.

இந்த நிறுத்தம்தான் ஷப்னாவின் உயிரை வாங்கியது. தொடங்கியவுடன் விளையாட்டு இரண்டு தரம் நிற்கும். பிறகு ஆறு மணிக்கு ஒரு தரம் நிற்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம், இம்முறை நீண்ட நேரம். கடையில் இருந்தபடியே இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் இதைக் கோளாறென்று நினைத்தாள். பலகையை மாற்றினாள். சிம்மை மாற்றினாள். கொண்டச்சிக்கு பஸ் ஏறிப் போய், தயிர்க் கோப்பைக்குள் வைத்துத் தண்ணீர்த் தாங்கிக் கம்பத்தில் கட்டியிருந்த போனை இறக்கி இன்னும் உயரத்தில் கட்டினாள். ஒரு கிழமை இப்படிப் போனபின் ஹமீதாவே அவளைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள்.

“கோளாறு ஒண்டும் இல்ல புள்ள. மஃரிபு தொழுகைக்கு நான்தான் நிப்பாட்டுறன். அவ ஆறு மணிக்குக் கோயில் மணிக்கு நிப்பாட்டுறா. தொடங்கேக்க அவ சிலுவை போடுவா போல, ஒருக்கா நிப்பாட்டுவா. பிறகு நான் பிஸ்மி சொல்ல நிப்பாட்டுவன்.”

“ஆர் உங்களுக்குச் சொன்னது, ஹமீதா ராத்தா?”

“ஆர் சொல்லோணும்? விடத்தல்தீவு மணி எனக்குத் தெரியாதோ?”

ஹமீதா விடத்தல்தீவில் பிறந்தவள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவளுக்குப் பதினொரு வயது. புத்தளத்து முகாமில் வளர்ந்து, அங்கேயே கொண்டச்சிக்காரர் ஒருவரைக் கட்டி, அவரோடு இந்தக் கரைக்கு வந்தவள். மாக்கிறட்டுக்கு இது தெரியாது. எதிராளியின் பெயரும் ஊரும் மட்டுமே திட்டத்தில் சொல்லப்பட்டிருந்தன. மாக்கிறட்டின் போன் நம்பரை வாங்கித் தரட்டுமா என்று ஷப்னா கேட்டபோது ஹமீதா தலையசைத்து மறுத்தாள்.

“கதைச்சா கதை எங்க போய் நிக்கும் எண்டு எனக்குத் தெரியும். இது நல்லா இருக்கு. கட்டை விழுது, அடுக்குறம், முடிஞ்சுது.”

ஆனால் பின்னேரம் ஐந்தரைக்கு அவள் கை கழுவி, ஈரத்தைத் துடைத்து, விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்து உட்காரும் விதத்தை ஷப்னா பார்த்திருந்தாள். யாரையோ பார்க்கப் போகிறவளின் ஆயத்தம் அது.

ஆவணி நெருங்கும்போது சாஹுல் ஹமீட் கடைக்கு வந்தார். பணம் கொடுக்கும் வெளிநாட்டவர்கள், நிறுவனத்தின் கொழும்பு மேடத்தோடு பார்க்க வருகிறார்களாம். ஹமீதா வீட்டில் நிகழ்ச்சி, பிறகு சாப்பாடு. ஓகஸ்ட் பதினான்கு.

ஷப்னா ஸ்குறூ முறுக்கிய கையோடு நிமிர்ந்தாள். பதினைந்தாம் திகதி மடு மாதா கோயில் திருவிழா. அதற்கு முதல் ஒரு கிழமையாகவே வடக்குக் கரையின் கத்தோலிக்கச் சனம் கூடாரமும் சட்டிபானையுமாக மடுவில்தான் இருக்கும். மன்னாரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சாஹுல் ஹமீட்டுக்கும் தெரியும். கொழும்பு திகதி குறித்து அனுப்பியபோது அவர் வாய் திறக்கவில்லை. மறுத்துச் சொல்கிறவர்களைக் கொழும்புக்குப் பிடிக்காது.

“மாக்கிறட் அக்கா இருக்க மாட்டாவே, சாஹுல் நானா.”

“அதுக்குத்தானே உன்னட்ட வந்தனான். சோதிச்சுப் பாக்க ஒரு மெஷின் ஆள் வச்சிருக்கிறாய்தானே, போனுக்குள்ள. அதுக்கு மாக்கிறட் எண்டு பேரைப் போட்டு விடு. அரை மணித்தியாலம். ஆருக்கும் ஒண்டும் குறையாது.”

அப்படியொன்று அவளிடம் இருந்தது உண்மைதான். மறுபக்கத்தில் ஆளில்லாமல் ஒரு கருவியைச் சோதிப்பதற்காக அவள் எழுதிய சின்ன நிரல். அது நன்றாகவே விளையாடும்.

“அப்ப ஹமீதா ராத்தாவுக்குச் சொல்லிப்போட்டுச் செய்வம்.”

“சொன்னா மூஞ்சியில தெரிஞ்சிரும் தங்கச்சி. அவங்க பாக்க வாறதே மூஞ்சியைத்தான்.”

அவர் இன்னொன்றும் சொன்னார். இது சரிவந்தால் திட்டம் நீளும். சரிவராவிட்டால் மாத முடிவில் எல்லாக் கருவிகளையும் திரும்பச் சேர்த்துக் கட்ட வேண்டும், ஹமீதாவினதையும். போகிற போக்கில், இந்தச் சோடியைத் தான் தெரிந்துதான் போட்டதாகவும் சொல்லிச் சிரித்தார். விரட்டப்பட்ட பெண்ணும் அவள் விட்டுவந்த ஊரும். அந்தக் கதை ஒரு நாள் தானாக வெளியில் வரும், அப்போது கமெரா அங்கே இருந்தால் போதும். ஷப்னாவுக்கு அவருடைய பற்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஐந்தரை மணிக்குக் கை கழுவிவிட்டு வந்து உட்காரும் பெண்ணிடமிருந்து கருவியைப் பிடுங்கிக்கொண்டு வருவதை நினைத்தாள். சரி என்றாள்.

அன்று காலையில் சாஹுல் ஹமீட் ஹமீதாவின் வீட்டில் ஒரு பொய்யைத் தூவிவிட்டிருந்தார். மாக்கிறட் இன்று உங்களோடு விளையாடுவதற்காகவே மடுவுக்குப் போகாமல் நிற்கிறாள் என்று. ஷப்னா போய் இறங்கியபோது ஹமீதா பெருநாள் சீலையில் இருந்தாள். வந்ததும் வராததுமாக அவளிடம் கேட்டாள்.

“மடுவை விட்டிட்டோ நிக்கிறா? எனக்காகவோ?”

ஷப்னா வயரைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றாள். அதைச் சொன்னபின் வாய்க்குள் பற்றரியை நக்கியது போன்ற ஒரு புளிப்பு வந்து நெடுநேரம் நின்றது.

விருந்தினர்கள் சாப்பாட்டிலிருந்தே தொடங்கினார்கள். வீட்டு வளவில் கொட்டகை போட்டு, வாடகைக் கதிரைகள் பரப்பி, திட்டத்தின் பெயரெழுதிய துணியைக் கட்டியிருந்தது. விடியற்காலையிலிருந்து ஹமீதாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் நின்று சமைத்த நண்டும் இறாலும் மேசை நிறைய. வந்தவர்கள் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சினார்கள், விரல்களைச் சூப்பினார்கள், எவ்வளவு எளிமையான மக்கள் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். கோதுகளைத் தட்டின் ஓரத்திலும் மேசையிலும் நிலத்திலும் போட்டார்கள். கொழும்பு மேடம் ஈக்களைத் திட்டத்தின் அறிக்கையால் விசிறினாள். சாஹுல் ஹமீட் எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டே தானும் சாப்பிட்டார். அவருடைய உதட்டோரத்தில் மஞ்சளாக ஒரு கோடு ஒழுகிக் காய்ந்திருந்தது, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஒரு வெளிநாட்டுக்காரர் குழம்புக் கையோடு கருவியை எடுத்து, பொத்தான்களை அழுத்திப் பார்த்து, தன் சிறுவயதை நினைத்துச் சிரித்து, ஹமீதாவிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை முக்காட்டு ஓரத்தால் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். பொத்தானுக்குள் போன எண்ணெய் வரவில்லை.

பிறகு விளையாட்டுத் தொடங்கியது. கமெராக்காரன் ஹமீதாவின் முகத்துக்கு நேரே குந்தியிருந்தான். ஷப்னா தண்ணீர்த் தாங்கியின் கீழே போனோடு நின்றாள்.

ஹமீதா முதற் கட்டையை விழவிட்டுக் காத்திருந்தாள். மாக்கிறட்டின் நிறுத்தம் வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது கட்டைகள் விழுந்தன. ஓரத்துக் கோடு ஏறியது, இறங்கியது, ஏறியது, நித்திரை கொள்கிறவனின் மூச்சுப்போல ஒரே சீராக. ஹமீதா தன் முறைக்கு நிறுத்தி, பிஸ்மி சொல்லி, தொடர்ந்தாள். சற்று நேரத்தில் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. அவள் நிறுத்தினாள். கமெராக்காரன் எரிச்சலோடு சாஹுல் ஹமீட்டைப் பார்த்தான். பாங்கு முடிந்து மீண்டும் தொடங்கியபோது ஹமீதா திரையைப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தாங்கியின் கீழே நின்ற ஷப்னாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பெருவிரல்களைப் பொத்தானிலிருந்து எடுத்தாள். கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் விழுந்து உச்சியைத் தொட்டன. ஆட்டம் முடிந்தது. விருந்தினர்கள் அனுதாபத்தோடு சத்தம் எழுப்பிக் கை தட்டினார்கள்.

கொழும்பு மேடம், எதிர்ப்பக்கத்தில் இருக்கும் சகோதரிக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்கச் சொன்னாள். சாஹுல் ஹமீட் கேட்டார்.

“அங்க மாக்கிறட் இல்ல,” என்றாள் ஹமீதா. குரலை உயர்த்தவில்லை. “அவ மடுவுக்குப் போயிட்டா. மடுப் பெருநாளுக்கு விடத்தல்தீவில நாயும் கோழியும்தான் மிஞ்சும். இதுக்குள்ள இருந்தது ஆரெண்டு நீங்கதான் சொல்லோணும்.”

சாஹுல் ஹமீட் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு விருந்தினர் பக்கம் திரும்பி, ஹமீதா சொன்னதாக ஆங்கிலத்தில் சொன்னார். மாக்கிறட் எனக்குக் கூடப்பிறந்தவள் போல. தன்னுடைய மாதாவின் திருநாளைக்கூட விட்டுவிட்டு எனக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இந்த அன்புக்கு என்னிடம் வார்த்தை இல்லை. இதைச் சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். ஹமீதா தான் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று நினைத்து, அவர்கள் வெட்கப்படுவார்களென்று காத்திருந்தாள். அவர்கள் எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள்.

சாஹுல் ஹமீட்டை விட்டால் இரண்டு மொழியும் விளங்கியது ஷப்னாவுக்கு மட்டும்தான். அவள் குனிந்து வயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

வாகனங்கள் போனபின் வளவு முழுவதும் நண்டுக் கோது கிடந்தது. வெயிலில் அது நாறத் தொடங்கியிருந்தது. காகங்கள் மேசைமேல் நடந்தன. ஹமீதா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோதுகளைக் கடகத்துக்குள் அள்ளினாள். ஷப்னா உதவிக்குக் குனிந்தபோது வேண்டாமென்று கையைத் தட்டிவிட்டாள்.

“இதுக்கு முந்தி விளையாடினது ஆர்?”

“மாக்கிறட் அக்காதான் ராத்தா. இண்டைக்கு மட்டும்தான்…”

“காலையில கேக்கேக்கயும் ஓம் எண்டுதானே சொன்னனீ?”

ஷப்னா மேசைமேல் நடந்த காகங்களை விரட்டினாள்.

திருநாள் முடிந்து விடத்தல்தீவுச் சனம் ஊர் திரும்பியது. மாக்கிறட் வழக்கம்போல ஐந்தரைக்குக் கருவியை எடுத்தாள். கொண்டச்சியில் யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த நாள் ஷப்னாவே கொண்டச்சிக்குப் போனாள். ஹமீதாவின் கருவி ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி, தீண்டத்தகாத பொருள்போல அடுப்படிக்கு வெளியே தொங்கியது. ஷப்னா அதை எடுத்துத் துடைத்து, இயக்கி, அவள் மடியில் வைத்தாள். எதிர்ப்பக்கம் உடனே விழித்தது. தொடங்கியதும் நின்றது. மாக்கிறட்டின் நிறுத்தம்.

“பாருங்கோ ராத்தா. அவதான்.”

“இப்ப நிப்பாட்டும். ஆறு மணிக்கும் நிப்பாட்டும். நீதான் எல்லாத்தையும் என்னட்டக் கேட்டுத் தெரிஞ்சுகொண்டு போனனீயே. உன்ர மெஷினுக்கு மணிக்கூடு பாக்கத் தெரியாதோ?”

“அல்லாஹ்வுக்காக, இது அவ.”

“அல்லாஹ்வை இதுக்குள்ள இழுக்காத புள்ள.”

ஷப்னா அப்போதுதான் தான் செய்ததன் அளவைக் கண்டாள். அந்தத் திரையில் வரும் எதையும் இனி ஹமீதாவுக்குச் சாட்சியாகக் காட்ட முடியாது. நாளைக்கு மாக்கிறட் என்ன செய்தாலும் அதை ஒரு நிரலும் செய்யும். நேற்றுவரை விளையாடிய ஆட்டங்களும் பின்னோக்கிக் கெட்டுப்போய்விட்டன. சட்டியில் ஒரு மீன் அழுகியிருந்தாலும் முழுக் குழம்பையும் கொட்டத்தான் வேண்டும்.

ஹமீதா மடியில் கிடந்த திரையை உள்ளங்கையால் மூடினாள். பிறகு, தான் வேண்டாமென்று வைத்திருந்ததைத் தானே கேட்டாள். குரலைக் கேட்க வேண்டும்.

நம்பர் கொடுப்பதற்குத் திட்டத்தின் அனுமதி வேண்டும். சாஹுல் ஹமீட்டுக்குச் சந்தோசம் தாளவில்லை. அவர்கள் முதன்முதல் கதைப்பதை வீடியோ எடுக்கும்படி சொன்னார். ஷப்னா பார்ப்போம் என்றாள். எடுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

விடத்தல்தீவில் மாக்கிறட் நண்டு வாடியில் வேலை செய்கிறவள். கரையில் வந்திறங்கும் நண்டைத் தரம் பிரித்துக் கழுவி ஐசில் போடும் வேலை. ஐம்பது வயதிருக்கும், கட்டையான உருவம், பெரிய சிரிப்பு. வீட்டு முற்றத்தில் வலைத்துண்டுகளும் ஐஸ் பெட்டிகளும் குவிந்து கிடந்தன. வாசலில் கொட்டிய தண்ணீர் பச்சைப் பாசியாகத் தேங்கி நின்றது. ஷப்னா எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். மாக்கிறட் முதலில் சிரித்தாள்.

“அப்ப நான் மாதாவுக்கு முன்னால முழங்காலில நிக்கேக்க, என்ர பேரில ஒரு பேய் அங்க விளையாடிக்கொண்டு இருந்திருக்கு. வெண்டதோ, தோத்ததோ?”

“வெண்டது அக்கா.”

“அதாவது பறவாயில்ல.”

பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது. கதவடியில் திரும்பித் துப்பினாள். அந்த மனுசி என்ன நினைத்திருக்கும் என்று கேட்டாள். கருவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒவ்வொரு பின்னேரமும் வாடியிலிருந்து வந்து, மணம் போகச் சவுக்காரம் போட்டுக் கை கழுவிய பிறகுதான் இதைத் தொடுவாளாம். மற்றப் பக்கத்துக்கு மணக்காது என்று தெரியும், ஆனாலும் நண்டு நாற்றத்தோடு ஒருவருக்கு முன்னால் உட்காரக் கூச்சம்.

ஷப்னா கொண்டச்சிக்கு அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுப் போனை மேசையில் வைத்தாள்.

“ஹலோ, ஹமீதாவோ? நான் மாக்கிறட். என்னை மெஷின் எண்டு சொல்லிப் போட்டாங்களாம். நான் மனுசிதான், நல்லாச் சாப்பிட்டுக் கொழுத்த மனுசி.”

மறுபக்கத்தில் ஹமீதா, “எப்பிடி நம்புறது?” என்றாள்.

“என்னத்தையும் கேளுங்கோ. ஊரில உள்ளதைக் கேளுங்கோ, சொல்லுறன்.”

ஹமீதாவின் பின்னால் ஒரு ஆடு கத்துவது கேட்டது.

“பள்ளிவாசலுக்குப் பின்னால ஒழுங்கை. அதில மூண்டாவது வளவில ஒரு கிணறு இருந்தது.”

“இருந்ததோ? இப்பவும் இருக்குது. நல்ல தண்ணி. ஊர் முழுக்க உவர், அது மட்டும் இளநீர் மாதிரி.”

கேள்வி எங்கே போகிறது என்று ஷப்னாவுக்கு விளங்கிவிட்டது. அவள் போனை நோக்கிக் கை நீட்டினாள். மாக்கிறட் அந்தக் கையை அன்பாக ஒதுக்கிவிட்டாள். அவள் முகத்தில் சோதனையில் வெல்லத் தொடங்கியவளின் ஒளி இருந்தது.

“கிணத்துக்கு உள்ளுக்கு, கட்டுச் சுவரில ஒண்டு பதிச்சிருக்கும்,” என்றது ஹமீதாவின் குரல். “என்னது?”

“பீங்கான்,” என்றாள் மாக்கிறட் உடனே. “நீலப் பூப் போட்ட சின்னப் பீங்கான். சாந்தில ஒட்டியிருக்கு. தண்ணி அடிக்குப் போனாத்தான் தெரியும். போன பங்குனியில இறைச்சுத் துப்பரவாக்கேக்க பாத்தனான், வாளி பட்டுப் பாதி உடைஞ்சு போச்சு. எப்பிடி? நான் மெஷினோ?”

“இல்ல,” என்றாள் ஹமீதா. “ஆர் இறைச்சது?”

“தம்பி.” சொல்லிவிட்டு மாக்கிறட் நின்றாள். சொன்ன சொல்லைத் திரும்பப் பார்ப்பதுபோல ஷப்னாவைப் பார்த்தாள். “என்ர தம்பி சந்தியோகு. அவன்தான் அதில இருக்கிறான்.”

“அது எங்கட வாப்பா கட்டின கிணறு. அந்தப் பீங்கானை நான்தான் எடுத்துக் குடுத்தனான்.”

முற்றத்தில் யாரோ ஐஸ் பெட்டி ஒன்றை இழுத்தார்கள். மாக்கிறட்டின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. தம்பி காசு கொடுத்துத்தான் வாங்கினான் என்றாள். யாரிடம் என்று ஹமீதா கேட்டாள். ஒருவன் விற்றான், அவன் இப்போது வெளிநாட்டில். காணி உறுதி இருக்கிறதா என்று ஹமீதா கேட்டாள். தங்களிடம் உறுதி இருப்பதாகவும் அது புத்தளத்து முகாமில் கறையான் அரித்தது போக மிச்சம் இருப்பதாகவும் சொன்னாள். குரல் உயரவில்லை. உயர்ந்தது மாக்கிறட்டின் குரல்தான். தாங்களும் ஓடினவர்கள், தங்கள் கூரையும் ஷெல்லில் போனது, மடுவில் மரத்தின் கீழே பிள்ளை பெற்றவள் தான், யாரும் யாருடையதையும் களவெடுக்கவில்லை. ஹமீதா தான் களவு என்ற சொல்லைச் சொல்லவில்லை என்றாள். சொல்லாவிட்டாலும் விளங்கும் என்றாள் மாக்கிறட். யார் இணைப்பைத் துண்டித்தது என்று ஷப்னாவுக்குத் தெரியவில்லை.

மாக்கிறட் எழுந்தாள். ஷப்னாவின் முக்காட்டை முதன்முறையாகக் காண்பவள்போலப் பார்த்தாள்.

“இதுக்குத்தானோ வந்தனீங்க?”

“என்னது அக்கா?”

“வளவுக் கதையை என்ர வாயாலயே எடுக்க. முதல்ல ஒரு விளையாட்டுச் சாமான், பிறகு ஒரு மெஷின் கதை, பிறகு போன். ரெக்கோட் பண்ணினனீயோ?”

ஷப்னா இல்லை என்றாள். போனைத் திறந்து காட்டினாள். மாக்கிறட் அதைப் பார்க்கவே இல்லை. உண்மையைச் சொல்லத்தான் வந்தேன் என்று ஷப்னா சொன்னபோது, அந்தச் சொற்கள் அவளுக்கே சாஹுல் ஹமீட்டின் குரலில் கேட்டன. மாக்கிறட் கருவியையும் பலகையையும் வயரோடு பிடுங்கினாள். முற்றத்தில் கிடந்த, நண்டு கட்டிவந்த ஈரப் பை ஒன்றுக்குள் எல்லாவற்றையும் போட்டாள். பையை இரண்டு விரலால் தூக்கிப் படலைக்கு வெளியே நீட்டினாள். ஷப்னா வாங்கிக்கொண்டாள். படலை சாத்தப்பட்டது.

மன்னார் பஸ்ஸில் கூட்டம். மடியில் வைத்த பையிலிருந்து அழுகின நண்டுத் தண்ணீர் கசிந்து அபாயாவில் ஊறியது. பக்கத்தில் இருந்த பெண் முதலில் யன்னலைத் திறந்தாள். பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பிறகு எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாஹுல் ஹமீட் அடுத்தடுத்து அழைத்தார், ஷப்னா எடுக்கவில்லை. பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வீடியோ வந்ததா, அழுதார்களா என்று கேட்டிருந்தார்.

பாப்பாமோட்டை தாண்டும்போது ஹமீதா அழைத்தாள். ஷப்னா எடுத்தாள்.

“புள்ள, அந்தப் பீங்கான்ர மற்றப் பாதி சுவரில இருக்குதோ, தண்ணிக்குள்ள விழுந்திட்டுதோ? கேட்டனீயோ?”

“இல்ல ராத்தா, கேக்கேல்ல.”

“சரி,” என்றாள் ஹமீதா. “அப்ப நாளைக்கு வந்து என்ர விளையாட்டுச் சாமானையும் எடுத்துக்கொண்டு போ. உள்ளுக்கு வராத. படலையில தொங்க விடுறன்.”